இரண்டரைப் பவுண்டுக்கு ஒரு பழங்கடல்

படத்தின் நடுவே ஒரு நீண்ட கழுத்து பெரிய வாயொன்றில் அகப்பட்டிருக்கிறது. கழுத்து, பிளீசியோசார் என்ற நீள்கழுத்துக் கடல் ஊர்வனத்துடையது. வாய், இக்தியோசார் என்ற மீன்வடிவக் கடல் ஊர்வனத்துடையது. மேலே இன்னொரு பிளீசியோசார் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டி, டெரோசார் என்ற பறக்கும் ஊர்வனத்தின் இறக்கையைப் பற்றுகிறது. செடிபோன்ற விலங்குகளான கடல் அல்லிகள் தண்டோடு நிற்கின்றன, அம்மோனைட் என்ற கடல் உயிர்களின் சுருள் ஓடுகள் கிடக்கின்றன, மீன்கள் விழுங்கப்படுகின்றன. விலங்குகளின் பின்புறத்திலிருந்து கழிவு உருண்டைகள் அடித்தரையை நோக்கி இறங்குகின்றன. கரையில் பனை போன்ற மரங்கள். இத்தனையும் ஒரே தாளில்.

1830-இல் ஹென்றி டி லா பீச் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் நீர்வண்ணத்தில் வரைந்த இந்தப் படத்தின் பெயர் 'டூரியா ஆன்டிகுவியர்'. 'இன்னும் பழைய டார்செட்' என்பது இந்த லத்தீன் பெயரின் பொருள். டார்செட் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஒரு மாவட்டம். அங்குள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரின் பாறைச் சரிவுகளில் கிடைத்த எலும்புகளே இந்தப் படத்துக்கு ஆதாரம். புதைபடிவச் சான்றுகளை வைத்துக்கொண்டு அழிந்துபோன ஓர் உலகத்தை, அதில் யார் யாரைத் தின்றார்கள் என்பது உட்பட, முழுக் காட்சியாக வரைந்த முதல் படம் என்று இதைத்தான் பரவலாகச் சொல்கிறார்கள்.

இன்று இணையக் கடைகளில் தொல்கடல் விலங்குகளின் அச்சுப்படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மோசசார், மெகலடான், டிரைலோபைட், அம்மோனைட் என எது வேண்டுமானாலும் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்துவிடும். குழந்தையின் அறைக்கு அழகு என்று வாங்குகிறோம், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் இந்த வகைப் படத்தை அலங்காரமாக மட்டும் பார்ப்பவர் அதைப் பாதிதான் பார்க்கிறார். ஒவ்வொன்றும் தான் வரையப்பட்ட ஆண்டில் கையிலிருந்த எலும்புகளை வைத்துச் செய்த ஒரு வாதம். அந்த ஆண்டை நீக்கிவிட்டால் வாதமும் புரியாது, அதிலுள்ள பிழையும் புரியாது. இதை விளங்கிக்கொள்ள லைம் ரீஜிஸுக்குத் திரும்புவதே நல்ல வழி.

அந்த எலும்புகளைத் தோண்டி எடுத்தவர் மேரி ஆனிங். 1799-இல் பிறந்தவர். தச்சு வேலை செய்த அவருடைய தந்தை 1810-இல் கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். குளிர்காலப் புயல்களில் சரியும் பாறைகளுக்கிடையே புதைபடிவங்களைப் பொறுக்கி, கடற்கரைக்கு வரும் பயணிகளுக்கு விற்பதே குடும்பத்தின் பிழைப்பு. 1811-இல் அண்ணன் ஜோசப் நாலடி நீளமுள்ள ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டு உடலின் மற்ற எலும்புகளைத் தேடிக் கண்டுபிடித்தவர் மேரி. அறிஞர் உலகத்தின் கவனத்தை ஈர்த்த முதல் இக்தியோசார் அது. 1823 டிசம்பரில் ஏறக்குறைய முழுமையான பிளீசியோசார் கிடைத்தது. அதன் கழுத்து நம்ப முடியாத அளவுக்கு நீளமாக இருந்ததால், ஐரோப்பாவின் தலைசிறந்த உடற்கூற்றியலாளர் கியூவியே, இது ஒட்டுவேலையாக இருக்குமோ என்று ஐயப்பட்டார். பிறகு தம் ஐயத்தைக் கைவிட்டார். 1824-இல் லண்டன் நிலவியல் கழகத்தில் இந்த விலங்கைப் பற்றி அறிக்கை வாசித்த கோனிபியர் என்ற நிலவியலாளர், தோண்டி எடுத்த பெண்ணின் பெயரைச் சொல்லவே இல்லை. அந்தக் கழகத்தின் கூட்டங்களுக்குப் பெண்கள் வர இன்னும் எண்பது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

1830 வாக்கில் படிவங்களுக்கு வாங்குவோர் குறைந்திருந்தார்கள். ஆனிங்கின் கையில் பணம் இல்லை. இளமையில் லைம் ரீஜிஸில் வாழ்ந்து, அவரோடு பாறைச் சரிவுகளில் நடந்து பழகியவர் டி லா பீச். (அவருடைய வசதியான வாழ்வுக்குப் பின்னால் ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் ஓடிய குடும்பக் கரும்புத் தோட்டம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.) அவர் வரைந்த படத்தை ஜார்ஜ் ஷார்ஃப் என்ற ஓவியர் கல்லில் மறுபடி வரைந்தார். அதிலிருந்து அச்சடித்த படிகள், ஒன்றுக்கு இரண்டு பவுண்டு பத்து ஷில்லிங் வீதம், நண்பர்களிடையே விற்கப்பட்டன. வந்த பணம் ஆனிங்குக்குப் போனது. தொல்கடலைக் காட்டும் அச்சுப்படம் என்ற வகையே, கண்டுபிடித்தவருக்குச் சோறு போடுவதற்காகப் பிறந்தது. அறிவியல் கட்டுரைகளில் கிடைக்காத இடம் ஆனிங்குக்கு இந்தப் படத்தின் வரவு செலவில் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையும் நிறைவும் சேர்ந்தே வருகின்றன.

இனி அந்தக் கழிவு உருண்டைகளுக்கு வருவோம். அவை வேடிக்கைக்காக வரையப்பட்டவை அல்ல. லைம் ரீஜிஸில் 'பெசோவார் கல்' என்ற பெயரில் உருண்டையான கற்கள் கிடைத்துவந்தன. அவை இக்தியோசார் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் இருப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும் தெரிவதையும் ஆனிங் கவனித்துச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் வில்லியம் பக்லண்ட் இதைப் பிடித்துக்கொண்டு, இவை கல்லாகிப்போன மலம் என்று நிறுவி, 1829-இல் 'கோப்ரலைட்' என்று பெயர் வைத்தார். அத்தகைய கற்களின் குறுக்குவெட்டுகளைப் பதித்து ஒரு மேசையே செய்துகொண்டவர் அவர். எலும்புக்கூடு விலங்கின் உருவத்தைச் சொல்லும். அது என்ன தின்றது என்பதைச் சொன்னது கழிவுதான். டி லா பீச்சின் படத்தில் வேட்டையும் கழிவும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே. படத்தில் இக்தியோசார் மீனை விழுங்குகிறது என்றால் அதற்குக் கையில் சான்று இருந்தது.

கழுத்தைக் கடிக்கும் நடுக்காட்சிக்கு அப்படிப்பட்ட சான்று அன்று இல்லை. இவ்வளவு நீளமான கழுத்து எதிரிக்கு எளிய இலக்காக இருந்திருக்கும் என்பது ஓர் ஊகம். அந்த ஊகம் வெறும் கற்பனை என்று தள்ளிவிடத் தக்கதல்ல என்பதற்கு 2023-இல் ஓர் ஆதாரம் வெளியானது. பிளீசியோசாருக்கு முந்தைய, வேறு வகையைச் சேர்ந்த, அதைவிட வினோதமான நீள்கழுத்துக் கடல் ஊர்வனமான டானிஸ்ட்ரோஃபியஸின் இரண்டு படிவங்களில் கழுத்து கடித்துத் துண்டிக்கப்பட்டிருந்தது. பல் பதிந்த தடமும் இருந்தது. விலங்கு வேறு, காலம் வேறு. ஆனாலும் 1830-இன் தாளில் ஓர் ஓவியர் துணிந்து போட்ட கோடு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு பாறையில் எதிரொலித்திருக்கிறது.

இந்தப் படம் செய்த இன்னொரு காரியம் நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஏனென்றால் நாம் அதற்குப் பழகிவிட்டோம். நீர்மட்டக் கோடு படத்தின் குறுக்கே ஓடுகிறது. கோட்டுக்கு மேலே வானம், கீழே கடலின் உட்புறம். இரண்டையும் பக்கவாட்டில் நின்று ஒரே நேரத்தில் பார்க்கிறோம், மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல. ஆனால் 1830-இல் பொதுமக்கள் பார்க்க மீன் காட்சியகம் என்று எதுவும் இல்லை. லண்டன் விலங்குக் காட்சிச்சாலை அப்படி ஒன்றைத் திறந்தது 1853-இல்தான். அதுவரை கடல் விலங்கை வரைந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கரையில் ஒதுங்கியதாகவோ அலைமேல் எழுந்ததாகவோ வரைந்தார்கள். மனிதக் கண் போக முடியாத இடத்தில் நின்று, மனிதரே இல்லாத காலத்தைப் பார்க்கும் கோணத்தை டி லா பீச் கொண்டுவந்தார். இன்று சந்தையில் கிடைக்கும் தொல்கடல் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கோணத்திலேயே நிற்கின்றன.

ஷார்ஃப் அதைக் கல்லில் வரைந்தார் என்று மேலே சொன்னேன். அந்தக் கல்லைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக முடியாது.

கல்லச்சு 1796-இல் பவேரியாவில் பிறந்தது. கண்டுபிடித்தவர் ஆலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடகக்காரர். தம் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சிட வழி தேடியபோது அவருக்கு அது அகப்பட்டது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த சுண்ணக்கோலால் வரைய வேண்டும். பிறகு கல்லை நீரால் நனைக்க வேண்டும். வரையாத இடம் நீரை உறிஞ்சிக்கொள்ளும், வரைந்த இடம் நீரை விலக்கும். இப்போது எண்ணெய்ப்பசை கொண்ட மையை உருளையால் தேய்த்தால் அது வரைந்த கோட்டில் மட்டுமே ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம். செப்புத்தகட்டில் கோடு கோடாகக் கீறுவதைவிட இது விரைவானது. பென்சிலின் மென்மையான நிழல்கூட அப்படியே பதியும். தமிழில் கல்லச்சு என்ற சொல் நமக்குப் பழகியதுதான். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்து நம் வீட்டுப் பூசையறைகளில் குடியேறிய லட்சுமியும் சரஸ்வதியும் இதே முறையில் பிறந்தவர்களே.

எல்லாச் சுண்ணாம்புக் கல்லும் இதற்கு ஆகாது. மணிகள் மிக நுண்ணியதாகவும் சீராகவும் இருக்க வேண்டும். ஐரோப்பிய அச்சகங்கள் தேடிப்போன சிறந்த கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் வெட்டப்பட்டது. அந்தக் கல் ஒரு பழங்கடலின் அடித்தரை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அமைதியான உப்புநீர்க் காயல்கள் இருந்தன. அடியாழத்தில் உப்பு மிகுந்து, உயிர்க்காற்று இல்லாமல், பிணம் தின்னும் உயிர்கள் வாழ முடியாமல் கிடந்தது. அங்கே விழுந்த எதுவும் கலையாமல் நுண்சேற்றில் மூடுண்டது. இழுதுமீன் போன்ற எலும்பே இல்லாத உயிர்கூடத் தன் தடத்தை அங்கே விட்டுப்போயிருக்கிறது. அச்சுக்காகக் கல் வெட்டியவர்களின் உளிக்குத்தான் மீனும் இறாலும் டெரோசாரும் தட்டுப்பட்டன. 1861-இல் இறகோடு கிடைத்த புகழ்பெற்ற விலங்குக்கு 'ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா' என்று பெயர். 'லித்தோகிராஃபிகா' என்ற அந்தப் பின்பெயர், கல்லச்சுக்கு உரிய கல்லிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். லைம் ரீஜிஸ் கடல் அதைவிட ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டு மூத்தது. ஒரு கடலின் உயிர்களை வரைவதற்கு இன்னொரு கடலின் உறைந்த சேறு பலகையாக வந்து வாய்த்தது. ஷார்ஃபும் பவேரியாக்காரர்தான், அந்தக் கல்லின் நாட்டில் பிறந்து லண்டனுக்கு வந்தவர்.

அச்சு என்றால் பெருக்கம். பக்லண்ட் தம் வகுப்புகளில் இந்தப் படத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் பான் நகரில் கோல்ட்ஃபுஸ் என்ற பேராசிரியர் இதைத் தழுவிப் பெரிதாக ஒன்றை வெளியிட்டார். இக்தியோசாரும் பிளீசியோசாரும் எதிரெதிரே மோதும் காட்சி ஐரோப்பா முழுவதும் பரவி வாய்ப்பாடுபோல் ஆகிவிட்டது. 1863-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிகியேயின் அறிவியல் நூலுக்கு எதுவார் ரியூ வரைந்த படத்திலும் இந்த இரண்டும் மோதலுக்குத் தயாராக நிற்கின்றன. அதில் இக்தியோசார் திமிங்கிலம்போல் தலையிலிருந்து நீர்த்தாரை பீய்ச்சுகிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த ழூல் வெர்னின் பூமியின் நடுவத்துக்குச் செல்லும் நாவலில் அதே சண்டை கதையாகவே நடக்கிறது.

இப்படிப் பெருகும்போது பிழையும் சேர்ந்து பெருகும். 1830-இன் இக்தியோசாருக்கு முதுகுத் துடுப்பு இல்லை. வால் முதலையின் வாலைப்போல் நீண்டு போகிறது. எலும்பு இல்லாத துடுப்பு எலும்புக்கூட்டில் தெரியாது என்பதால் டி லா பீச்சைக் குறைசொல்ல இடமில்லை. வால் முள்ளெலும்புகள் ஒரே இடத்தில் வளைந்து கிடப்பதைக் கண்டு, அங்கே துடுப்பு இருந்திருக்கும் என்று ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1838-இல் ஊகித்தார். 1890-களில் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடெனில் தோலின் நிழலோடு படிவங்கள் கிடைத்த பிறகே, நம் கடலின் ஓங்கிலை (டால்ஃபினை) போன்ற அந்த உருவம் உறுதியானது: செங்குத்தான பிறைவால், முதுகில் துடுப்பு. 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ் செய்து நிறுத்திய இக்தியோசார்களின் கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகள் வெளியே தெரிகின்றன. உண்மையில் அவை விழிக்குள் இருந்தவை. அந்த உருவங்களைக் கொண்ட சுவர்ப்படங்களும் விற்பனைக்கு வந்தன.

பிழை எப்படி ஊரெல்லாம் பரவுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு டைலோசாரின் பிடரி. அமெரிக்காவின் கான்சாஸ் பாறைகளில் கிடைத்த இது, மோசசார்கள் என்ற பெரிய கடல் ஊர்வன வகையைச் சேர்ந்தது; இதன் கழுத்துப் பக்கம் வரிசையாகச் சில குருத்தெலும்புகள் தெரிந்தன. அவை முதுகு நெடுக ஓடிய சடையின் அச்சு என்று தொல்லுயிரியலாளர் சாமுவேல் வில்லிஸ்டன் 1898-இல் எழுதினார். அடுத்த ஆண்டே சார்ல்ஸ் நைட் என்ற மாபெரும் ஓவியர் அலைகளுக்கு மேல் சீறும் டைலோசாரை முதுகுச் சடையோடு வரைந்தார். 1902-இல் வில்லிஸ்டன் தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டார்: அவை மூச்சுக்குழலின் வளையங்கள். திருத்தம் ஆய்விதழில் வந்தது, படம் மக்களிடம் போயிருந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மோசசார்கள் சடையோடே வரையப்பட்டன. நைட்டின் அந்த ஓவியம் அற்புதமானது. இன்றும் அதன் அச்சு கிடைத்தால் நான் மறுக்காமல் வாங்குவேன். ஆனால் அதன் கீழே 1899 என்ற எண் இருந்தாக வேண்டும்.

அச்சான படத்தைத் திரும்பப் பெற முயன்றவரும் உண்டு. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வர்ட் கோப் 1869-இல் எலாஸ்மோசார் என்ற பிளீசியோசாரை விவரித்தபோது, தலையை வாலின் நுனியில் வைத்துப் படம் போட்டுவிட்டார். பிழையை இன்னொரு தொல்லுயிரியலாளரான ஜோசஃப் லைடி வெளிப்படுத்தினார். வெளிவந்த படிகளைத் திரட்டி மாற்றிவிடக் கோப் பாடுபட்டார். எல்லாம் திரும்பவில்லை. அந்தப் படத்தை இன்றும் பார்க்க முடிகிறது என்பதே அதற்குச் சாட்சி.

முழுக்காட்சி காட்டும் படங்களைப் பற்றியே இதுவரை பேசினேன். இன்னொரு மரபும் இருக்கிறது. ஓடுகளையோ எலும்புகளையோ தனித்தனியே, கிடைத்தபடி, கைபடாமல் வரைந்து காட்டும் தகட்டுப் படங்கள். சுவரில் மாட்டும் அச்சுகளில் இன்று அதிகம் விற்பவற்றுள் ஒன்று ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலின் 'இயற்கையின் கலை வடிவங்கள்' தொகுப்பு. 1899 முதல் 1904 வரை வந்த நூறு தகடுகள். ஹெக்கலின் ஓவியங்களைக் கல்லுக்கு மாற்றியவர் அடோல்ஃப் கில்ச். பெயர் அதிகம் பேசப்படாத கைவினைஞர். 44-ஆம் தகடு முழுவதும் அம்மோனைட். சுருளும் மடிப்பும் ஒன்றுக்கொன்று எதிரொளிக்க, கோவில் விதானத்தைப்போல் அடுக்கப்பட்டிருக்கும். அழகு சிறிதும் குறைவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு ஹெக்கல் விரும்பிய ஒழுங்கு. உடைந்த விளிம்பும் நசுங்கிய பக்கமும் அதில் இடம் பெறவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர் தானாகவே உள்ளே வருகிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம், டைனோசார் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரிட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தது. அங்கே கிடைத்த படிவங்களைக் கேய், கன்லிஃப் என்ற இருவர் திரட்டி அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை விவரித்து 1846-இல் லண்டனில் வெளியிட்டார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வகம் கல்கத்தாவில் 1861-இல் 'பேலியோன்டாலஜியா இந்திகா' என்ற பெருந்தொடரைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டதே தென்னிந்தியக் கிரிட்டேசியப் படிவங்களைத்தான். ஹென்றி பிளான்ஃபோர்டும், மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவும் அதில் எழுதினார்கள். தகடு தகடாகக் கல்லச்சுப் படங்கள். அம்மோனைட்டின் ஓட்டில் ஓடும் இலைவிளிம்பு போன்ற கோடுகள், நத்தைகள், சிப்பிகள், எல்லாம் கோடு பிசகாமல் இருக்கும். அந்தப் பாறைகளுக்கு அவர்கள் காலத்தில் வழங்கிய ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களே இன்றும் நிலவியலில் நிற்கின்றன. ஸ்டோலிச்கா பெயரிட்ட ஓர் அம்மோனைட் இன்றுவரை உலக அருங்காட்சியகங்களில் 'அரியலூரென்சிஸ்' என்றே அழைக்கப்படுகிறது. மத்திய ஆசியாவின் யார்கண்டுக்குச் சென்ற பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874-இல் லடாக் மலைகளில் இறந்து, லேயில் புதைக்கப்பட்டார் அவர்.

1879-இல் ரிச்சர்ட் லிடெக்கர் இதே வட்டாரத்தின் சில முள்ளெலும்புகளை 'இக்தியோசாரஸ் இந்திகஸ்' என்று பெயரிட்டு விவரித்தார். ஒரு சில எலும்புகளை வைத்துத் தனி இனம் சொல்ல முடியாது என்று பின்வந்தவர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. ஆனால் இக்தியோசார்கள் நம் கடலில் நீந்தின என்பதில் ஐயம் இல்லை. சுறாப் பற்கள் காரையின் செம்மண் ஓடைகளில் கிடைத்திருக்கின்றன. சாத்தனூரில் பெரிய மரமே கல்லாகிக் கிடக்கிறது. அம்மோனைட்டும் சிப்பியும் சுறாவும் இக்தியோசாரும் கரையிலிருந்து அடித்து வந்த மரமும் சேர்ந்தால் ஒரு காட்சி வரைவதற்குத் தேவையான சான்று கையில் இருக்கிறது. அதே சுண்ணாம்புப் பாறைகள் சிமெண்டாக மாறிக்கொண்டும் இருக்கின்றன. 'இன்னும் பழைய டார்செட்' போல 'இன்னும் பழைய அரியலூர்' என்று ஒரு படம் நம் பள்ளிச் சுவர்களில் தொங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்படி இன்று ஒருவர் வரைய உட்கார்ந்தால், டி லா பீச்சிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கும்: நிறம். தொல்விலங்குகளின் நிறம் முழுக்க ஓவியரின் விருப்பம் என்றே வெகுகாலம் இருந்தது. 2014-இல் வெளியான ஆய்வொன்று மோசசார், இக்தியோசார், தோல்முதுகு ஆமை ஆகிய மூன்றின் படிவத் தோலில் கருநிறமியின் எச்சத்தைக் காட்டியது. 2018-இல் ஹோல்ட்ஸ்மாடென் இக்தியோசார் ஒன்றின் தோலுக்கடியில் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோன்ற கொழுப்புப் படலம் இருந்ததும், முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருந்ததும் தெரியவந்தது. கடையில் பளபளக்கும் நீலத்திலும் ஆரஞ்சிலும் வரி போட்ட இக்தியோசார் அச்சைப் பார்த்தால், அது 2018-க்கு முந்தைய கற்பனை, அல்லது பிந்தைய கவனக்குறைவு.

ஓவியர்கள் ஆய்வாளர்களுக்குப் பின்னால் நடப்பவர்கள் மட்டுமல்லர். டைனோசார்களுக்கும் முந்தைய பெர்மியன் காலத்தில் வாழ்ந்த ஹெலிகோப்ரியன் என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நமக்குக் கிடைத்ததெல்லாம் வட்ட ரம்பம்போல் சுருண்ட பல் வரிசை ஒன்றுதான். 1899-இல் ருஷ்யாவின் கார்பின்ஸ்கி அதை மூக்கின் நுனியில் மேல்நோக்கிச் சுருட்டி வைத்தார். பிறகு வந்தவர்கள் முதுகில், வாலில், தொண்டையில் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார்கள். அலாஸ்காவின் கெட்சிகன் ஊரில் வாழும் ரே ட்ரோல் என்ற ஓவியர் இந்த விலங்கின்மேல் பித்துக்கொண்டு பல ஆண்டுகள் வரைந்தார், ஆய்வாளர்களைத் தேடிப்போய்க் கேட்டார், அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 2013-இல் ஐடஹோ மாநிலப் படிவம் ஒன்றை ஊடுகதிரால் வருடிப் பார்த்தபோது, சுருள் கீழ்த்தாடையின் நடுவே, வாய்க்குள்ளேயே இருந்தது தெளிவானது. சுறா என்று எல்லோரும் எண்ணிய அந்த மீன், எலிமீன் எனப்படும் கைமேராக்களின் உறவு என்பதும் தெரிந்தது. ஒரு நூற்றாண்டுக் குழப்பத்தின் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினால், அது ஒரு சிந்தனையின் வரலாறாகவே இருக்கும்.

வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். இன்று சந்தையில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை பழைய படத்தை வருடி (ஸ்கேன் செய்து), மையைத் தெளித்து அச்சிட்டவை. 'ஜிக்லே' என்ற பெயர் 1991-இல் ஜாக் டுகன் இந்த வகை உயர்தர மைத்தெளிப்பு அச்சுக்கு வைத்தது. பழைய படங்களின் காப்புரிமை தீர்ந்துவிட்டதால் யாரும் அச்சிடலாம், அது நியாயமும்கூட. உருப்பெருக்கியின்கீழ் மூலக் கல்லச்சில் சுண்ணக்கோலின் சொரசொரப்பு ஒழுங்கில்லாத மணிகளாகத் தெரியும். ஆஃப்செட் அச்சில் ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரியும். மைத்தெளிப்பில் தூவானம்போல் நுண்துளிகள் தெரியும். இதைவிட முக்கியமானது, பல விற்பனையாளர்கள் வெள்ளை விளிம்பு வேண்டும் என்பதற்காகத் தகட்டு எண்ணையும் ஓவியர் பெயரையும் ஆண்டையும் வெட்டிவிடுகிறார்கள். மேரி ஆனிங்கின் பெயரை விட்டுவிட்ட அதே பழக்கத்தின் தொடர்ச்சியாகவே இது எனக்குப் படுகிறது. வெட்டாததை வாங்குங்கள். வெட்டப்பட்டதுதான் கிடைக்கிறதென்றால், பின்பக்கத்தில் நீங்களே எழுதிவையுங்கள்.

அச்சுக்கு வராத ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். பெலம்னைட் என்பது அம்மோனைட் காலத்துக் கணவாய் உறவு. லைம் ரீஜிஸில் கிடைத்த பெலம்னைட்டுக்குள் உலர்ந்த மைப்பை அப்படியே இருப்பதை 1826-இல் ஆனிங் கண்டுபிடித்தார். கணவாயை அரிந்தவர்களின் விரல்களுக்கு அந்த மை தெரியும். ஆனிங்கின் தோழியும் படிவச் சேகரிப்பாளருமான எலிசபெத் ஃபில்பாட் அந்தக் கல்லான மையை அரைத்து நீர் கலந்து பார்த்தார். எழுத வந்தது. 1833-இல் பக்லண்டின் மனைவி மேரிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இக்தியோசாரின் மண்டையோடு ஒன்று வரையப்பட்டிருக்கிறது. கண்குழியும் நீண்ட தாடையும் பல் வரிசையும் பழுப்பு நிறத்தில் இருக்கின்றன. அந்தப் பழுப்பு, இக்தியோசார் நீந்திய அதே கடலில் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் உயிர் தப்பிப்பதற்காகச் சேர்த்துவைத்து, பயன்படுத்தாமலே போன மை.